கடவுச்சொல் பாடத்துக்கு ஒரு பூட்டு போதும்

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடவுச்சொல் பற்றிச் சொல்லித்தரக் கணினியே வேண்டாம். சூட்கேஸுக்குப் போடும் 3 இலக்க எண் பூட்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். 000 முதல் 999 வரை 1,000 வாய்ப்புகள்தான்; பொறுமையாகத் திருப்பினால் திறந்துவிடும். ஓர் இலக்கம் கூடினால் 10,000. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே கரும்பலகையில் போடட்டும். அப்புறம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்த்து ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லுங்கள்: முருங்கை, ரயில், குடை என்பது மாதிரி. வகுப்பில் சொன்ன கடவுச்சொல்லையே வீட்டில் வைக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் போனுக்கு வரும் ஓடிபியை, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் கடவுச்சொல்லை, யார் கேட்டாலும் தரக் கூடாது. தப்பித்தவறித் தந்துவிட்டால் உடனே வீட்டில் சொல்லலாம், திட்டு விழாது என்ற தைரியம் பிள்ளைக்கு வேண்டும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள். பணம் பறிபோனால் அழைக்க 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் எழுதிக்கொடுங்கள்.