பதற்றம் எழும்போது முதலில் மூச்சு, பிறகு கேள்வி
பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது எண்ணங்களோடு வாதாடுவது பெரும்பாலும் பலிப்பதில்லை என்பதால், முதலில் 3 நிமிடம் அமைதியாக அமர்ந்து, மூக்கு நுனியில் காற்று வந்துபோவதையும் தோள்கள் இறுகியிருப்பதையும் மாற்ற முயலாமல் கவனியுங்கள். பிறகு மனத்தில் ஓடும் வாக்கியத்தை, "நாளைய நேர்காணலில் நான் உளறிவிடுவேன்" என்பதுபோல, அப்படியே தாளில் எழுதி, அதன் இறுதியில் "என்று ஓர் எண்ணம் எழுகிறது" எனச் சேர்த்துப் படியுங்கள். எண்ணம் வேறு, உண்மை வேறு என்று பிரித்துக் காட்டும் இந்தச் சிறு சேர்க்கையையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அதன்பின் அந்த எண்ணத்துக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று கேட்டு, நியாயமான மாற்று வாக்கியம் ஒன்றை எழுதுங்கள். மூச்சைக் கவனிப்பதையும் எண்ணத்தை ஆராய்வதையும் இணைக்கும் சிகிச்சை முறை வழக்கமாக 8 வாரப் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகிறது. தூக்கமும் அன்றாட வேலையும் கெடும் அளவுக்குப் பதற்றம் நீடித்தால், மனநல மருத்துவரை அணுகத் தயங்காதீர்கள்.