கிளவுடில் போட்டாச்சு, இனி கம்ப்யூட்டர் எதற்கு?

2012-இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் ஓர் ஆரூடம் சொன்னது. நம் டிஜிட்டல் வாழ்க்கையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டு, 2014-க்குள் ‘பர்சனல் கிளவுட்’ (நெட் வழியாக ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் நம் ஃபைல்களை வைக்கும் இடம்) அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும் என்று. அது முழுசாகப் பலிக்கவும் இல்லை, முழுப் பொய்யாகவும் போகவில்லை. போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் மேலே போய்விட்டன. அவற்றைத் திறந்து வேலை பார்க்க இன்னமும் ஒரு மெஷின் வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் அப்படியே இருக்க, உள்ளே இருந்த சரக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் ‘கிளவுட் வந்தால் கம்ப்யூட்டர் ஒழியுமா’ என்று பேசிக்கொண்டிருப்பதைவிட, முக்கியமான ஃபைல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: இதன் காப்பி எங்கெங்கே இருக்கிறது? பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? இதைக் கேட்காமல் விட்டுத்தான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன்.

லேப்டாப்பில் இடம் நிறைந்து சிவப்புக் கோடு காட்டிக்கொண்டே இருந்தது. பழைய போட்டோ ஃபோல்டர் ஒன்று மட்டும் 40 ஜிபி. அதுதான் கிளவுடில் இருக்கிறதே என்று லேப்டாப்பிலிருந்து டெலீட் செய்தேன். சின்னப் பெட்டி ஒன்று எட்டிப்பார்த்து என்னவோ கேட்டது, படிக்காமலே ஓகே. ஆறு வாரம் கழித்து போனில் தேடினால் ஃபோல்டரையே காணோம். கிளவுடின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடந்து, அங்கிருந்தும் போய்ச் சேர்ந்திருந்தது.

சிங்க் (எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருப்பது) என்பதை பேக்கப் (தனியாக எடுத்து வைக்கும் காப்பி) என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு, இதைவிடப் பரவலான தப்பு வேறு இருப்பதாகத் தெரியவில்லை. சிங்க் ஒரு கண்ணாடி மாதிரி: இங்கே கையைத் தூக்கினால் அங்கேயும் தூக்கும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ரான்சம்வேர் என்ற பணம் பறிக்கும் மென்பொருள் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களையும் அது சமர்த்தாக மேலே ஏற்றிவிடும். பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வசதி பல சேவைகளில் இருக்கிறது, உண்மைதான், ஆனால் அதற்கும் ஒரு கெடு உண்டு. கெடு முடிந்த பிறகு தேடுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இதிலேயே இன்னொரு சிக்கல், ஃபைல் உங்களிடம் இருக்கிறதா இல்லையா என்பதே பார்த்தவுடன் தெரியாது. விண்டோஸில் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் கிளவுட்) ஃபோல்டரைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிப் படத்தைக் கவனியுங்கள். நீலக் கோட்டில் வரைந்த மேகம் என்றால் ஃபைல் உங்கள் மெஷினில் இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தான் தொங்குகிறது. நெட் இல்லாத இடத்தில் டபுள் கிளிக் செய்தால் வெறும் எரர்தான் வரும். வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் இறங்கியிருக்கிறது, ஆனால் இடம் குறைந்தால் அதைத் திரும்ப மேலே அனுப்பிவிடலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால்தான் அது நிரந்தரமாக இங்கே குடியிருக்கிறது. இடத்தைக் காலி செய்ய வேண்டுமானால் டெலீட் பக்கம் போகவே வேண்டாம், ரைட் கிளிக் செய்தால் அதற்கென்றே தனியாக ஒரு ஆப்ஷன் இருக்கிறது.

‘அவ்வளவு பெரிய கம்பெனி, அங்கே எப்படி டேட்டா போகும்?’ என்று ஒரு நம்பிக்கை. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர், அதாவது சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் கட்டடம், எரிந்தது; வேறு இடத்தில் பேக்கப் வைக்காதவர்களின் டேட்டா சாம்பலோடு போனது. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜானில் அரசு டேட்டா சென்டரே தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற கிளவுடில் 858 டெராபைட் அழிந்துபோனது. அளவு ரொம்பப் பெரியது என்பதால் அதற்கு வெளி பேக்கப்பே இல்லையாம்!

தீ பிடிக்காவிட்டாலும் விதிகள் மாறும். கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாகத் தந்த இடம் 2021 ஜூன் 1-உடன் நின்றது, அதன் பிறகு ஏற்றுவதெல்லாம் இலவசமாகத் தரும் 15 ஜிபி கணக்கில் சேர்கிறது. இரண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்குகளை கூகுள் அழிக்கத் தொடங்கியது 2023 டிசம்பரிலிருந்து. வாடகை வீடுதானே, ஆணி அடிக்கும் முன் ஓனரின் மூடைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, பிரைவசி. ‘உங்கள் டேட்டா என்க்ரிப்ட் செய்யப்பட்டது’ (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டது) என்ற வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள்தான் அதிகம். பூட்டு போட்டிருக்கிறார்கள், சரி, சாவி எங்கே? ஒரு எளிய சோதனை: பாஸ்வேர்டை மறந்துவிட்டீர்கள், போனுக்கு வந்த கோடைப் போட்டு ரீசெட் செய்தீர்கள், பழைய ஃபைல் எல்லாம் அப்படியே திறக்கிறது. அப்படியானால் சாவி அவர்களிடமும் இருக்கிறது என்று அர்த்தம். அவர்களிடம் இருந்தால் அவர்களின் மென்பொருள் உங்கள் படங்களைப் பார்க்க முடியும், கோர்ட் உத்தரவு வந்தால் எடுத்துக் கொடுக்கவும் முடியும். அமெரிக்காவின் 2018 கிளவுட் சட்டப்படி, அங்குள்ள கம்பெனி தன் சர்வரை எந்த நாட்டில் வைத்திருந்தாலும் உரிய உத்தரவு வந்தால் டேட்டாவைத் தர வேண்டும். அதோடு தப்பும் நடக்கும். 2011 ஜூனில் டிராப்பாக்ஸ் என்ற கிளவுட் சேவையில் ஒரு கோட் கோளாறால் சுமார் நான்கு மணி நேரம், எந்தப் பாஸ்வேர்டைப் போட்டாலும் யாருடைய கணக்கும் திறந்தது.

‘என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது’ என்பவர்களுக்கு 2022-இல் நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தியைச் சொல்வேன். அமெரிக்காவில் ஒரு அப்பா, குழந்தைக்கு வந்த தொற்றை டாக்டருக்குக் காட்டப் படம் எடுத்தார். அது தானாக கூகுள் கிளவுடுக்குப் போக, அங்கிருந்த மென்பொருள் அதைக் குழந்தைப் பாலியல் கொடுமைப் படம் என்று தப்பாகப் பிடித்துக்கொள்ள, அவர் கணக்கு முடக்கப்பட்டது. போலீஸ் விசாரித்து அவர் மேல் குற்றம் இல்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. மெயில், போட்டோ, போன் நம்பர் என எல்லாம் அந்த ஒரே கணக்கில் இருந்தன. எனக்கு இதில் பயமுறுத்துவது கடைசி வரிதான்.

ஏனென்றால் நம்மில் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். இதற்கு மேல் ஒருபடி போய், போன் கையில் இல்லாதபோது கணக்கைத் திறக்க உதவும் டூ ஸ்டெப் ரெகவரி கோடுகளை அதே டிரைவுக்குள் சேமிக்கும் புத்திசாலிகளும் உண்டு (வீட்டைப் பூட்டி, சாவியை உள்ளேயே விட்டுவிட்டு வருவது). அந்தக் கோடுகளைப் பேப்பரில் எழுதி வையுங்கள், பழைய காலத்து வழிதான், ஆனால் ஹேக் ஆகாது.

அடையாள அட்டை, மெடிக்கல் ரிப்போர்ட் போன்றவற்றை ஏற்றும் முன் உங்கள் மெஷினிலேயே பூட்டிவிடலாம். கிரிப்டோமேட்டர் மாதிரி இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. சாவி உங்களிடம் மட்டும் இருக்கும், அதனால் அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் காப்பாற்ற யாருமில்லை. ஆப்பிளின் கிளவுடிலும் சாவியை நம்மிடமே விடும் ‘அட்வான்ஸ்டு டேட்டா புரொடக்ஷன்’ என்று ஒன்று உண்டு, நாமாகப் போய் ஆன் செய்தால்தான் வேலை செய்யும். பிரிட்டனில் 2025 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக யாரும் அதை ஆன் செய்ய முடியாதபடி ஆப்பிளே நிறுத்திவிட்டது, ஆக இந்தப் பாதுகாப்புகூட எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அப்புறம், ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று என்றோ அனுப்பிய லிங்குகள் இன்னும் திறந்தே கிடக்கும். உட்கார்ந்து ஒருநாள் மூடுங்கள்.

கிளவுடே வேண்டாம், வீட்டிலேயே ஃபைல் சேமிக்கும் பெட்டி வாங்கி வைக்கிறேன் என்பவர்களும் நெட்டில் இணைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் அப்படிப்பட்ட பெட்டிதான். 2015-க்குப் பிறகு அதற்கு அப்டேட் வரவில்லை, 2021 ஜூனில் யாரோ தூரத்திலிருந்தே அவற்றை ஃபேக்டரி ரீசெட் செய்ய (எல்லாவற்றையும் அழித்துப் புதுப் பெட்டி மாதிரி ஆக்குவது), பலருக்கு ஒரே இரவில் எல்லாம் காலி.

கம்ப்யூட்டரையே தூக்கிப்போடும் முடிவில் இருந்தால் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 1 டெராபைட்டை 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் ஏற்ற, ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். மெயில், பில் கட்டுவது, நாலு போட்டோ பார்ப்பது என்றால் போன் போதும், நான் வாதாட மாட்டேன். வீடியோ எடிட்டிங், பெரிய ஆல்பம் என்று வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் ஒரு டிஸ்க் இல்லாமல் ஓடாது. மொத்தம் மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது போட்டோகிராபர்கள் நடுவே பழகிப்போன கணக்கு. கிளவுட் அந்த வெளிக் காப்பியாக இருப்பதற்கு நல்ல இடம்.

என் 40 ஜிபியில் பாதியை மீட்டது எதற்கும் ஆகாது என்று விற்பதற்கு ஒதுக்கிய பழைய டெஸ்க்டாப்தான், அதன் டிஸ்க்கில் நான் மறந்துபோன காப்பி ஒன்று கிடந்தது. அதை விற்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஆன் செய்து, கிளவுடில் இருப்பதை இறக்கி ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுக்கிறேன். அப்புறம் நெட்டை அணைத்துவிட்டு, ஏதாவது நாலு ஃபைலைத் திறந்து பார்க்கிறேன். போன மாதம் நாலில் ஒன்று திறக்கவில்லை.