பெரிய மீனுக்கு எந்தத் தூண்டில் முள்? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் தென்கடலில் எனக்கு முதன்முதலாக மாட்டிய பெரிய பாறை மீனின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கைத்தூண்டில் நரம்பு (முள்ளைக் கட்டும் நைலான் இழை) விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன் (இதை நீங்கள் செய்யாதீர்கள், விரல் போய்விடும்). சட்டென்று கனம் போனது. இழுத்துப் பார்த்தால் முள் கோணி ஊசி மாதிரி நிமிர்ந்திருந்தது. சித்தப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கயிறு மாட்டைக் கட்டுறது, முள்ளு கோழியைக் கட்டுறது. எப்படிப்பா நிக்கும்?" என்றார்.

பெரிய மீன் தப்பினால் நாம் நரம்பைத் திட்டுவோம், இரையைத் திட்டுவோம். முள்ளைத் தேர்ந்தெடுத்ததில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

படி 1: எடையைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்

"பெரிய மீன், அதனால் பெரிய முள்" என்று கடையில் கேட்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. கலவா மீனுக்கு அண்டா வாய், இரையை முழுசாக உறிஞ்சிவிடும், அதற்குப் பெரிய முள் சரி. விளமீன் மூன்று கிலோ இருந்தாலும் வாய் சிறிசுதான். பெரிய முள்ளைப் போட்டால் கணவாய்த் துண்டை ஓரம் ஓரமாகக் கடித்துத் தின்றுவிட்டு வெறும் முள்ளை உங்களுக்குத் திருப்பி அனுப்பும்.

சீலா (சென்னைக்காரர்களின் வஞ்சிரம்) வேறு ரகம். ஓடிவந்து இரையின் வாலைக் கத்தரித்துவிட்டுப் போகும். மூக்கில் மட்டும் முள் கோத்த சாளை பாதியாகத் திரும்பி வருவது இதனால்தான். அதற்கு இரண்டு முள் வேண்டும்: ஒன்று மூக்கில், இன்னொன்று வால் பக்கம்.

படி 2: எண் கணக்கு

10, 8, 6 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-ஐத் தாண்டியதும் கணக்கு தலைகீழ். 1/0, 2/0, 3/0 என்று எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். என் பெட்டியில் இருப்பதைச் சொல்கிறேன்: ஓரா மீனுக்கு 8, விளமீனுக்கு 1/0 முதல் 3/0, பாறைக்கும் சீலாவுக்கும் 4/0 முதல் 6/0, பெரிய கலவாவுக்கு 7/0. ஒரு கம்பெனியின் 4/0 இன்னொரு கம்பெனியின் 4/0 அளவுக்கு இருக்காது, ஆகவே பழைய முள் ஒன்றைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

படி 3: முள் செய்த கம்பியின் தடிமன்

நான் பாறையை விட்டது இங்கேதான். தடித்த நரம்பில் மெல்லிய முள்ளைக் கட்டியிருந்தேன். கைத்தூண்டிலில் விட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது, மீனின் இழுப்பு அப்படியே முள்ளில் இறங்கும். அதற்குத் தடித்த கம்பி வேண்டும்.

ராடும் ரீலுமாக மெல்லிய நரம்பில் பிடிப்பவருக்கு நேர் எதிர்க் கணக்கு. ராடு வளையும், ரீல் நரம்பை விடும். அந்த மெல்லிய இழுப்பில் தடித்த முள் மீனின் தாடையில் இறங்கவே இறங்காது, வாயை உரசிவிட்டு வெளியே வந்துவிடும். ராடுக்கு மெல்லிய கம்பி முள்ளே போதும்.

படி 4: வடிவம்

நேர் முள்ளா, நுனி உள்பக்கம் திரும்பிய வட்ட முள்ளா? புதியவர்களுக்கு நான் வட்ட முள்ளைத்தான் சொல்வேன். மீன் இரையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது அதுவே வாயின் மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். ஒரே நிபந்தனை, மீன் கடித்ததும் வெடுக்கென்று வெட்டி இழுக்கக் கூடாது. நரம்பு இறுகியதும் நிதானமாகச் சுருட்டினால் போதும். கை சும்மா இருக்காது, முதல் நாலு மீனை வெட்டி இழுத்தே தவறவிடுவீர்கள். பரவாயில்லை.

இன்னொரு லாபம், வட்ட முள் வயிற்றுக்குள் போவது குறைவு. குட்டி மீனை உயிரோடு கடலில் விடலாம். ஆமை மாட்டினால் இழுத்துப் போராடாமல், முள்ளுக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அங்கே நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் தூண்டிலோடு போகவே வேண்டாம்.

படி 5: நகத்தில் ஒரு சோதனை

புது முள்ளையும் நம்பாதீர்கள். நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுங்கள், அழுத்த வேண்டாம். நகத்தில் கடித்துக்கொண்டு நின்றால் கூர் சரி. வழுக்கினால் மொட்டை. மெல்லிய அரத்தால் நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள், அப்போதும் வழுக்கினால் தூக்கிப் போடுங்கள். கடலடிப் பாறையில் ஒரு தடவை உரசினாலே நுனி மடங்கிவிடும் (மீனும் பாறை, கல்லும் பாறை, இரண்டும் முள்ளைத் தின்னும்). ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நகத்தில் பார்ப்பது என் வழக்கம்.

படி 6: சீலாவுக்கும் ஊளிக்கும் (பாரகுடா) கம்பி

முள்ளுக்கு மேலே ஒரு முழம் ஸ்டீல் கம்பி. அந்தப் பல்லுக்கு நரம்பு நூல் மாதிரி. கலவாவுக்கும் விளமீனுக்கும் கம்பி வேண்டாம், தடித்த நரம்பே போதும்.

படி 7: இரை கோப்பது

முள்ளின் வளைவை இரையால் அடைத்துவிடாதீர்கள். நுனிக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் மீனின் தாடைக்கான இடம். கணவாய்த் துண்டை ஒரு ஓரத்தில் ஒரே குத்தாகக் குத்தி, நுனி வெளியே தெரியும்படி விடுங்கள். "முள் தெரிந்தால் மீன் பயப்படாதா?" என்று எல்லாரும் கேட்பார்கள். பசித்த மீன் அவ்வளவு யோசிப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் முட்களை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, தெர்மாகோல் துண்டில் குத்தி வையுங்கள். உப்பு ஈரத்தோடு ஒரே ஒரு முள்ளைப் பெட்டிக்குள் போட்டாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி முழுக்கத் துரு.