ரயில் போகாத ஓலெசுனுக்கு ரயிலில் போவது எப்படி?

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் ஓலெசுனில் ரயில் நிலையமே கிடையாது. ஆஸ்லோவில் டிக்கெட் எடுக்கும்போது எனக்கு இது தெரியாது. விமானத்தில் வருபவர்களுக்குக் கவலையில்லை. விக்ரா தீவில் இறங்கிப் பஸ் பிடித்தால் கடலடிச் சுரங்கங்கள் வழியாக ஊருக்குள் வந்துவிடலாம். ஆனால் ரயில் பாதையின் அழகுக்காகவே அப்படிப் போகச் சொல்வேன்.

முதலில் 'என்டூர்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ரயில், பஸ், படகு மூன்றும் ஒரே இடத்தில் தெரியும். நார்வேக்குள் கூகுள் மேப்பைவிட இதைத்தான் நம்புவேன்.

அடுத்து, ஆஸ்லோவிலிருந்து டொம்போஸ் வரை ஒரு ரயில், ஏறக்குறைய 4 மணி நேரம். அங்கே மாறி ராவ்மா பாதையில் 114 கிலோமீட்டர் போனால் ஓன்டல்ஸ்னெஸ். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். கடைசிப் பகுதியில் ட்ரோல்வெக்கன் பாறைச் சுவர் கழுத்தை அண்ணாந்தாலும் முடியாத உயரத்துக்கு எழுந்து நிற்கும்.

இனிமேல்தான் கவனம் தேவை. ஓன்டல்ஸ்னெஸ்ஸிலிருந்து ஓலெசுனுக்குப் பஸ், 2 மணி நேரத்துக்கு மேல். நான் போய் இறங்கியது சனிக்கிழமை மாலை. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் வார நாள், சனி, ஞாயிறு என்று தனித்தனிக் கட்டங்கள். நான் மனப்பாடம் செய்து வந்ததோ வார நாள் கட்டம். சனிக்கிழமைக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. அன்றிரவு அங்கேயே அறை எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே பயணத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்: பயணத் தேதியைக் கொடுத்து முதலில் பஸ், அதற்குத் தோதான ரயில் பிறகு.

ஊருக்குள் நடந்தாலே போதும். 1904 ஜனவரியில் பெருந்தீயில் ஊர் எரிந்து, சுமார் 10,000 பேர் வீடிழந்தார்கள். 1907க்குள் கல்லாலும் செங்கல்லாலும் திரும்பக் கட்டிவிட்டார்கள். அதனால்தான் தெருவுக்குத் தெரு ஒரே காலத்துக் கோபுர முகப்புகள். ப்ரோசுண்டெட் கால்வாயோரம் நின்று மேலே பாருங்கள், சுவரில் செதுக்கிய முகங்களும் இலைகளும் தெரியும். பூங்காவிலிருந்து 418 படி ஏறினால் அக்ஸ்லா குன்று. ஜூன் கடைசியில் இரவு 11 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், சாப்பிட்டுவிட்டே ஏறலாம்.

பின்சேர்க்கை: அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாதே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். குன்றின் உச்சிவரை கார் போகும் சாலை இருக்கிறது, டாக்சியில் அழைத்துப் போங்கள். மழைக்குக் குடை வேண்டாம், கடற்காற்று மடக்கிவிடும். தலைமூடியுள்ள மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.