சீக்கிரம் வளர வேண்டும், இலை கொட்டக் கூடாது: வீட்டு மரத் தேர்வில் சறுக்கும் இடங்கள்

புது வீட்டுக்குக் குடிபோன கையோடு நர்சரியில் போய் நின்று எல்லாரும் கேட்பது இதுதான்: "சீக்கிரம் வளரணும், இலை கொட்டக் கூடாது." இந்த இரண்டிலுமே கோளாறு இருக்கிறது.

இலையே கொட்டாத மரம் கிடையாது. மா, மகிழம், நெட்டிலிங்கம் எல்லாம் பசுமை மாறாதவைதான். ஆனால் பழைய இலையை வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். மொட்டையாக நிற்காது, அவ்வளவுதான். புங்கையும் வேம்பும் மாசி, பங்குனி வாக்கில் இலையைக் கொட்டினாலும் சித்திரை வெயிலுக்குள் தளிர்த்துவிடும். சில நாள் கூடுதலாகப் பெருக்க அலுத்துக்கொண்டு புங்கையை ஒதுக்குவது நஷ்டம். நம் மண்ணுக்கு அதைவிடத் தோதான நிழல் மரம் எனக்குத் தெரிந்து இல்லை.

வேகத்தை மட்டும் பார்த்து ஏமாந்ததற்குக் கொனோகார்பஸ் நல்ல உதாரணம். சோமாலியா, ஏமன் பக்கத்து மரம். வறட்சியும் உப்புத் தண்ணீரும் தாங்கும், மளமளவென்று பச்சைச் சுவர்போல் எழும்பும். அந்த வேகத்துக்குத் தண்ணீர் தேடி வேர் எங்கும் போகும். மகரந்தம் ஒவ்வாமையைக் கிளப்புகிறது என்ற புகாரும் உண்டு. 2023இல் குஜராத்தும் 2025இல் தமிழ்நாடும் இதை நடத் தடை போட்டன. இன்னும் யாராவது வேறு பெயர் சொல்லி விற்கலாம், கவனம்.

ஏழிலைப்பாலையும் வேகக்காரன்தான், அழகான அடுக்குக் கிளைகள். ஆனால் மழைக்காலத்து இரவுகளில் பூ வாசனை படுக்கையறைக்குள் நுழைந்தால் சிலருக்குத் தலைவலி நிச்சயம். சிங்கப்பூர் செர்ரி இரண்டே வருஷத்தில் நிழல் தரும், அணிலும் குருவியும் வரும். கட்டை மென்மை, பலத்த காற்றில் கிளை முறியும். காருக்கு மேலே வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களில் குல்மோகர் மாதிரி அவசரமாக வளர்ந்தவை ஏராளம்.

எனவே எதற்காக மரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலை மறைக்கவா, நிழலுக்கா? ஊசிபோல் உயரும் நெட்டிலிங்கம் (பலர் அசோக மரம் என்பார்கள், அசல் அசோகம் வேறு) மறைப்புக்குச் சரி. அதன் கீழே நாற்காலி போட்டால் வெயில்தான். நிழல் வேண்டுமானால் மேற்குப் பக்கம் புங்கை. பிற்பகல் வெயில் சுவரைச் சுடுவது குறையும். கூடவே ஒரு மகிழமும் வையுங்கள். மெதுவாகத்தான் வரும், பொறுமை வேண்டும்.

செப்டிக் டேங்க், சம்ப் பக்கம் நடுவது அடுத்த தவறு. நல்ல குழாயை வேர் பொதுவாக உடைக்காது. கசியும் இணைப்பைக் கண்டால்தான் உள்ளே புகும். நம் வீடுகளில் கசியாத இணைப்பு எத்தனை? புங்கைக்கே சுவரிலிருந்து 10, 12 அடி விடுங்கள். அரசு, ஆல் வகைகளைச் சின்ன மனையில் நினைக்கவே வேண்டாம். மின்கம்பியையும் அண்ணாந்து பாருங்கள். இல்லாவிட்டால் வருஷா வருஷம் தலையை வெட்டுவார்கள்; வெட்டிய இடத்தில் கிளைக்கும் புதுக் கொம்புகளுக்குப் பிடிமானம் குறைவு.

அப்புறம் கன்று. எட்டடி உயரக் கன்றைப் பார்த்ததும் ஆசை வரும். பையில் நாள்பட்டு நின்ற கன்றின் வேர் உள்ளேயே சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் வளர்ந்த பிறகும் அந்தச் சுருள் இறுகி, ஒரு புயலில் அடியோடு சாய்க்கும். இரண்டு மூன்றடிக் கன்று போதும். பையைக் கிழித்ததும் சுருண்ட வேரை வெட்டிவிட்டு நடுங்கள். களிமண் நிலத்தில் குழி முழுக்கச் செம்மண்ணாக நிரப்பாதீர்கள். தண்ணீர் தொட்டிபோல் தேங்கும். தோண்டிய மண்ணோடு மட்கிய எருவைக் கலந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. வாசல் முழுக்கப் பேவர் பிளாக் பதித்துவிட்டு மரத்துக்கு ஓரடி வட்டம் விடுவார்கள். நாலு வருஷத்தில் வேர் கல்லைத் தூக்கினால் மரத்துக்குத் திட்டு. நாலடிக்கு நாலடி மண்ணாவது விடுங்கள். பெருக்கிய சருகையும் அங்கேயே கொட்டலாம், தெருமுனையில் போட்டு எரிக்கிற வேலை மிச்சம்.