கண்ண மூடி உக்காந்தா கோவம் போயிடுமா? தியானத்துலயும் மன்னிப்புலயும் நம்மாளுங்க சறுக்குற எடங்க

மொதல்லயே சொல்லிடுறேன், நான் குரு இல்ல, சாமியாரம்மா இல்ல, தீட்சை கீட்சை எதுவும் குடுக்கிறது இல்ல. மலேசியாவுல பேராக் பக்கம் சுங்கை சிப்புட்ல எங்க தாமான் பக்கத்து மாரியம்மன் கோயில் மண்டபத்துல வியாழக்கிழமை சாயங்காலம் பத்து பன்னெண்டு பேர் உக்காருவோம், நான் பாய் விரிக்கிறவ, ஃபேன் போடுறவ, முடிஞ்சதும் கோப்பி ஊத்துறவ, அவ்வளவுதான். எட்டு வருஷமா பாய் விரிச்சதுல யார் எங்க சறுக்குறாங்கன்னு கொஞ்சம் தெரிஞ்சு போச்சு. அதுல பாதி நானே சறுக்கி விழுந்த எடம்.

மொதல்ல நேரம். போன மாசம் ஒரு தம்பி வந்தாரு, ஈப்போ பக்கம் பாக்டரில வேலை, கண்ணு ரெண்டும் கோவப்பழமா செவந்து கெடக்கு. என்னாய்யா ஆச்சுன்னு கேட்டா, தெனமும் மூணரைக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு தியானம் பண்றாராம், பிரம்ம முகூர்த்தம் நாலு மணிக்கு மேலன்னு தமிழ்நாட்டு வீடியோ ஒண்ணுல சொன்னாங்களாம். அங்க சொன்னது அங்க சரி. பிரம்ம முகூர்த்தம்னா சூரியன் உதிக்கிறதுக்கு 96 நிமிஷம் முன்னாடி தொடங்கி 48 நிமிஷம் இருக்கிற நேரம், அத சூரியன வச்சுத்தான் கணக்கு போடுவாங்க, கடிகாரத்த வச்சு இல்ல. அங்க ஆறு மணி வாக்குல விடியுது, அதனால நாலரை. நம்ம ஊர்ல சூரியன் வர ஏழு, ஏழேகால் ஆகுதுலா, 1982ல சபா சரவாக்கோட ஒரே நேரமா இருக்கட்டும்னு தீபகற்பத்து கடிகாரத்த அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சதும் அதுக்கு ஒரு காரணம். கணக்கு போட்டு பாத்தா நமக்கு அஞ்சரைல இருந்து ஆறேகால் வரைக்கும். அந்த தம்பி தெனமும் ரெண்டு மணி நேர தூக்கத்த சும்மாவே தொலைச்சிட்டு இருந்திருக்காரு, அப்புறம் மெஷின் முன்னாடி கொட்டாவி, வீட்டுக்கு வந்தா புள்ளைங்க மேல எரிச்சல். நைட் ஷிஃப்ட் பாக்குறவங்க இந்த முகூர்த்தத்தயே மறந்துடுங்க, நல்லா தூங்கி எந்திரிச்சு பல்லு வெளக்கிட்டு உக்காருங்க, சாயங்காலம் நாலு மணியா இருந்தாலும் பரவால்ல.

அடுத்து, எண்ணமே வரக்கூடாதுன்னு நெனைக்கிறது. "எனக்கு தியானம் செட் ஆகல அக்கா, கண்ண மூடினா லைட் பில்லும் மாமியாரும்தான் வர்றாங்க"ன்னு சொல்லாத ஆளே இங்க கெடையாது. ரமணர் 16 வயசுல, 1896ல, மதுரைல இருந்து கெளம்பி திருவண்ணாமலைக்குப் போனவரு, கடைசி வரைக்கும் அந்த மலைய விட்டு வரல. அவரே எண்ணம் வராம பாத்துக்கோன்னு சொல்லல. வந்தா அத பிடிச்சு ஓடாத, இது யாருக்கு வந்துச்சுன்னு கேளு, எனக்குன்னு பதில் வரும், அப்ப அந்த நான் யாருன்னு திரும்பிப் பாருன்னாரு. எண்ணம் வரத்தான் செய்யும்னு தெரிஞ்சுதானே இப்படி ஒரு வழியே சொல்லிருக்காரு! நீங்க பத்து நிமிஷம் உக்காந்து நாப்பது தடவ ஓடிப்போயி நாப்பது தடவ திரும்பி வந்தா, அந்த திரும்பி வர்றதுதான் அன்னிக்கு நீங்க பண்ண தியானம்.

மூச்சு விஷயத்துல அவசரம் வேணாம். திருமூலர் இழுக்க 16, நிறுத்த 64, விட 32 மாத்திரைன்னு, அதாவது கண்ணு சிமிட்டுற நேர அளவுல, கணக்கு சொல்லிருக்காரு, உண்மைதான். அத எங்கயோ கேட்டுட்டு, பிரஷர் மாத்திரை சாப்பிடுற மாமா ஒருத்தர் மொத நாளே 64 எண்ணி மூச்ச அடக்கி, தல சுத்தி தூணப் புடிச்சிட்டு உக்காந்துட்டாரு. பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்கிறவங்க இல்லாம மூச்ச நிறுத்துற வேலையே வேணாம், போறதும் வர்றதும் தானா நடக்கட்டும், நீங்க பாத்துட்டு மட்டும் இருங்க.

சம்மணம் போட்டாத்தான் தியானம்னும் கெடையாது. முப்பது வருஷம் மேடும் பள்ளமுமா கித்தா காட்டுல, அதான் ரப்பர் தோட்டத்துல, வாளி தூக்கின முட்டி மடங்காது, எங்க மண்டபத்துல பாதி பேர் செவப்பு பிளாஸ்டிக் நாக்காலிலதான். அப்புறம் ஒண்ணு, மனசு சரியில்லாம டாக்டர் குடுத்த மாத்திரைய தியானத்த நம்பி யாரும் நிறுத்தாதீங்க, எங்க கூட்டத்துலயே ஒரு அண்ணி நிறுத்திட்டு ரெண்டு வாரம் தூக்கமே இல்லாம தவிச்சாங்க. சில பேருக்கு ரொம்ப நேரம் கண்ண மூடி உக்காந்தா பயமும் படபடப்பும் கூடத்தான் செய்யும். அப்படி ஆனா கண்ண தொறந்துட்டு எந்திரிச்சு நடங்க, அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல ஒரு வெள்ளி, அதான் ஒரு ரிங்கிட்டுக்கு டாக்டர பாக்கலாம், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இதெல்லாம் சின்ன சறுக்கல்தான். பெரிய சறுக்கல் என்னான்னா தியானத்த மூடி மாதிரி பயன்படுத்துறது. உள்ள கோவம் கொதிக்குது, அது மேல தியானத்த வச்சு அமுக்கி உக்காந்துக்குறது. வெளில இருந்து பாத்தா சாந்தம், ஆனா ஒரு பேரச் சொன்னா போதும் மூஞ்சி மாறிடும்.

எனக்கு அந்தப் பேரு எங்க அக்கா பேரு. தோட்டத்த வித்தப்ப அம்மாவுக்கு கொஞ்சம் காசு வந்துச்சு, அக்கா கைக்குப் போன காசு அக்கா வீட்டு கிட்சனா மாறிடுச்சு, அம்மாவ கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது நானு. வழக்கமா எல்லா குடும்பத்துலயும் நடக்குறதுதான். பேச்சுவார்த்தை நின்னு போச்சு, கல்யாண கார்டு மட்டும் தபால்ல வரும், நாங்களும் மொய் கவர்ல பேர் எழுதி யார்கிட்டயாவது குடுத்து விடுவோம். ஆறு வருஷம் இப்படியே போச்சு, அந்த ஆறு வருஷமும் நான் தெனமும் தியானம் பண்ணிட்டுத்தான் இருந்தேன்!

அப்புறம் ஒரு மூணு நாள் முகாமுக்குப் போனேன். கடைசி நாள் எல்லாரையும் மன்னிக்கச் சொன்னாங்க, நானும் அழுது மன்னிச்சிட்டேன், மனசு பஞ்சு மாதிரி ஆகிப்போச்சு. அந்த பஞ்சோட பஸ் ஏறி, வர்ற வழிலயே அக்காவுக்கு வாட்ஸ்அப்ல நாலு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், நீ பண்ணதுக்கெல்லாம் உன்ன நான் மன்னிச்சிட்டேன் அக்கான்னு. கோலக்கங்சார் தாண்டறதுக்குள்ள பதில் வந்துச்சு, "என்ன மன்னிக்க நீ யாருடி?" அதோட இன்னொரு மூணு வருஷம்.

இப்ப யோசிச்சா சிரிப்பா இருக்கு, ஆனா இந்த தப்ப நெறய பேர் பண்றத பாக்குறேன். தப்பு பண்ணினோம்னே நெனைக்காத ஆளுகிட்ட போயி மன்னிச்சிட்டேன்னு சொல்றது, நீ குத்தவாளின்னு தீர்ப்பு வாசிக்கிற மாதிரிதான் கேக்கும். அவங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும், அந்தக் கணக்குல நீங்கதான் கடன்காரங்களா இருப்பீங்க. மன்னிக்கிறது உங்க உள்ள நடக்குற வேலை, அத நோட்டீஸ் அடிச்சு ஒட்ட வேணாம்லா.

நாள் குறிச்சு மன்னிக்கிறதும் நடக்காது. எங்கம்மா ரப்பர் மரத்துல பால் வெட்டின காலத்துல சொல்லும், கத்தி பட்டைலதான் ஓடணும், கட்டைல படக்கூடாதுன்னு. பட்டைய மட்டும் மெல்லிசா சீவினா மரம் புதுப்பட்டை கட்டிக்கும், ஆனா பல வருஷம் விட்டாத்தான் அதே எடத்துல மறுபடி கத்தி வைக்க முடியும். கட்டைல காயம் பட்டுட்டா அந்த எடம் முண்டு முண்டா வீங்கிடும், அப்புறம் அங்க ஒழுங்கா கோடு போட முடியாது, வேலைய மேற்பார்வை பாக்குற மண்டோர் வந்து தடவிப் பாத்தாலே யார் வெட்டினதுன்னு கண்டுபிடிச்சு, காலைல ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுல மானத்த வாங்குவாரு. மூணு நாள் முகாம்ல என் மேல்பட்டை கொஞ்சம் காஞ்சிருக்கு, அத நான் ஆறிப்போச்சுன்னு நெனச்சுட்டேன்.

திருக்குறள்ல பொறையுடைமைல 152வது குறள், ஒருத்தர் எல்லை மீறினத பொறுத்துக்கோ, அத மறந்துட்டா இன்னும் நல்லதுன்னு வரும். நம்மாளுங்க அந்த ரெண்டாவது பாதிய புடிச்சிக்கிட்டு, மறக்கலன்னா நீ மன்னிக்கவே இல்லன்னு ஆள மெரட்டுவாங்க. வள்ளுவர் ரெண்டயும் தனித்தனியாத்தானே சொல்றாரு. பொறுக்குறது நம்ம கைல இருக்கு. மறக்குறது வந்தா வரும், வரலன்னா அதுக்காக ஒருத்தர் குத்தவாளி ஆயிட மாட்டாரு.

இப்ப எனக்கு கோவம் வர்ற விஷயத்துக்கு வர்றேன். பொறுத்துப் போ, பொறுத்துப் போன்னு இங்க யாருகிட்ட சொல்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? அடிக்கிறவன்கிட்ட யாரும் சொல்றதில்ல. ஒரு பொண்ணு, வயசு முப்பது கூட இருக்காது, புருஷன் குடிச்சிட்டு அடிக்கிறான், மண்டபத்துக்கு நீளக்கை சட்டை போட்டுத்தான் வரும், எதுக்குன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். பெரியவங்க நாலு பேர் சேந்து அதுக்கு நிலம் தோண்டுறவனையும் தாங்குதுல்லன்னு அந்த 151வது குறளயே எடுத்துச் சொல்றாங்க, மன்னிச்சிட்டு தியானம் பண்ணும்மா எல்லாம் சரியாயிடும்னு. அதே வள்ளுவர் வெகுளாமைல 301வது குறள்ல என்ன சொல்றாரு, உன் கோவம் எங்க செல்லுபடியாகுமோ அங்க அடக்குறவன்தான் கோவத்த அடக்குறவன், செல்லுபடியாகாத எடத்துல அடக்கினா என்ன அடக்காட்டி என்னங்கிறாரு. அப்ப அந்த பாடம் யாருக்கு? பலம் இருக்கிறவனுக்கு. கை ஓங்க முடிஞ்சும் ஓங்காதவனுக்கு. திருப்பி ஒரு வார்த்த பேச முடியாத பொண்ணு வாய மூடிட்டு இருக்கிறதுக்கு பேரு மன்னிப்பு இல்ல, பயம்.

அடி நின்ன பிறகு வேணா மன்னிப்ப பத்தி பேசலாம், அதுவும் அந்தப் பொண்ணா பேசினாத்தான். மன்னிச்சாலும் அந்த வீட்டுக்கே திரும்பிப் போயாகணும்னு எந்த சாமியும் சொல்லல. இந்த நாட்டுல குடும்ப வன்முறைச் சட்டம் 1994லயே வந்தாச்சு, போலீஸ் புகார் குடுக்கலாம், பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், தாலியான் காசிஹ்னு அரசாங்க உதவி நம்பர் 15999க்கு எந்நேரமும் போன் பண்ணலாம். அந்த நம்பர மண்டபத்து நோட்டீஸ் போர்டுல எழுதி ஒட்டினேன், கோயில் கலண்டருக்கு பக்கத்துல. ஒருத்தர் கிழிச்சாரு, மறுபடி ஒட்டினேன்.

இன்னொரு தப்பு, பொறப்போட அர்த்தத்த தேடுறேன்னு கைல இருக்கிற வேலைய விட்டுடுறது. சின்னப் பசங்கதான் ஜாஸ்தி. "சிவானந்த சுவாமியே டாக்டர் வேலைய விட்டுட்டுத்தானே அக்கா ரிஷிகேஷ் போனாரு"ம்பாங்க. சரி, அந்தக் கதைய முழுசா கேளுங்க. பத்தமடைல பொறந்த அந்த குப்புசாமி டாக்டர் 1913ல மலாயாவுக்கு கப்பல் ஏறினாரு, சிரம்பான் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரில ஏழு வருஷம், அப்புறம் ஜொகூர்ல, 1923ல தான் திரும்பிப் போறாரு. நம்ம பாட்டன் பூட்டன் மாதிரி தோட்டத்து ஆளுங்களுக்கு பத்து வருஷம் வைத்தியம் பாத்த பிறகு கெளம்பினவரு, ரிஷிகேஷ் போன பிறகும் அங்க வந்த நோயாளிங்களுக்கு மருந்து குடுக்கிறத விடல. 1936ல அவரு ஆரம்பிச்ச தெய்வீக வாழ்க்கைச் சங்கத்துக்கு பத்துமலைல ஒரு ஆசிரமம் இருக்கு, முடிஞ்சா போயி பாருங்க. வேலைய விட்டாரு, வைத்தியத்த விடலையே. நம்ம பசங்க பாக்டரிக்கு கடுதாசி குடுத்துட்டு, ஆயிரக்கணக்குல வெள்ளி கட்டி நோக்கத்த கண்டுபிடிச்சுத் தர்ற கோர்ஸுக்குப் போறாங்க, மூணு மாசத்துல மோட்டோருக்கு கட்ட வேண்டிய காசுக்கு அம்மாகிட்ட கை நீட்டுறாங்க.

நோக்கம்னா ரிஷிகேஷ் அளவுக்குப் பெருசா இருக்கணும்னும் இல்ல. நம்ம ஊர்ல பொறந்தவர்தானே மந்திரியா இருந்த துன் சம்பந்தன். முதலாளிங்க ரப்பர் தோட்டத்த துண்டு துண்டா வித்து ஜனங்க தெருவுக்கு வந்த காலத்துல, 1960ல, தேசிய நிலநிதிக் கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமா போயி ஆளுக்கு பத்து பத்து வெள்ளியா சேத்து தோட்டமே வாங்கினாங்க. அவரோட பேர் எல்லாருக்கும் தெரியும். தகரப் பொட்டில இருந்து அந்த பத்து வெள்ளிய எடுத்துக் குடுத்த ஆயாக்களோட பேர் யாருக்கும் தெரியாது, அவங்க யாரும் என் வாழ்க்கையோட நோக்கம் என்னான்னு உக்காந்து யோசிச்சிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகந்தான்.

அக்கா கதை என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. போன வருஷம் பாசார் மாலாம் ராத்திரி சந்தைல அப்பம் பாலிக் பலகாரக் கடைல நின்னுட்டு இருக்கேன், பின்னாடி இருந்து ஒரு கொரலு, "சீனி கம்மியா போடச் சொல்லு, உனக்கு இனிப்பு நீர் இருக்குல்ல." திரும்பாமலே யாருன்னு தெரிஞ்சு போச்சு. கடைக்காரர்கிட்ட சீனி கம்மின்னேன். அப்புறம் இன்னொரு பொட்டலமும் சேத்து போடச் சொன்னேன், அதுல கச்சான், அதான் வேர்க்கடல, ஜாஸ்தி, அக்காவுக்கு அப்படித்தான் புடிக்கும். மன்னிச்சிட்டேன்னு நானும் சொல்லல, அக்காவும் சொல்லல, காசப் பத்தி இன்னி வரைக்கும் ஒரு வார்த்த பேசல, பேசுவோமான்னும் தெரியல. கிட்சன நெனச்சா சில நாள் எனக்கு இப்பவும் வயிறு எரியும், எரியுதுன்னு பாத்துட்டு இருப்பேன், கொஞ்ச நேரத்துல அடங்கும்.

இப்பல்லாம் வியாழக்கிழமை அக்கா மண்டபத்துக்கு வருது. கடைசி வரிசை நாக்காலி, கண்ண மூடின அஞ்சாவது நிமிஷம் கொறட்டை. அந்த பாக்டரி தம்பி வந்து எழுப்பட்டுமா அக்கான்னு கேட்டாரு, விடுங்க, கோப்பி வாசனைக்கு தானா முழிச்சுக்கும்னேன்.