எக்ஸ்புளோரருக்குப் பதிலாகக் கெய்ரோ

ரங்கூனில் எங்கள் வீட்டு மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது, முகமாவது புதிதாக இருக்கட்டுமே என்று விண்டோஸில் அதன் முகப்பை மாற்றும் கெய்ரோ என்ற மென்பொருளைப் போட்டேன். இலவசம்தான். நிறுவியதும் மேலே ஒரு மெனு பட்டை வரும், அடிக்கடி திறக்கும் கோப்புறைகளை அதில் இழுத்துப் போட்டால் அடுக்காக நிற்கும், சொடுக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் விரியும். எனக்குப் பிடித்ததே இதுதான். முதல் சில நாள், விண்டோஸின் வழக்கமான முகப்பான எக்ஸ்புளோரர் மேலேயே ஓட்டிப் பாருங்கள். சரி, ஒத்துவருகிறது என்றால் மட்டும் அமைப்புகளில் கெய்ரோவையே ஷெல்லாக, அதாவது எக்ஸ்புளோரருக்குப் பதிலான முகப்பாக மாற்றி, லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். கரண்ட் போகிற நேரத்தில், சார்ஜ் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள். அப்புறம், திரை வெறுமையாக நின்றால் பதற வேண்டாம்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அங்கிருந்தே கெய்ரோவை மறுபடி ஓட்டி அமைப்பைப் பழையபடி மாற்றிவிடலாம்.